பட்ஜெட்டும் பாத்தியும்

பங்குனி பிறக்கும் நேரத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு மாமன்றங்களில் பட்ஜெட் வாசிப்பார்கள். அதே நாட்களில்தான் தெருமுனைகளில் காலிக் குடங்களும் வரிசை கட்டத் தொடங்கும். உள்ளே வாசிக்கப்படும் தொகைக்கும் வெளியே காத்திருக்கும் குடத்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு சொல். அது எங்கிருந்து வந்தது?

ஒரு பைக்குள்ளிருந்து வந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் 'பூஜ்' என்றால் தோல் பை. 'பூஜெத்' என்றால் சின்னத் தோல் பை. அதற்கு மூலம் 'புல்கா' என்ற லத்தீன் சொல். அதுவும் இன்றைய பிரான்சுப் பகுதியில் முன்பு வாழ்ந்த காலியர்களிடமிருந்து ரோமர்கள் வாங்கிக்கொண்டதுதான். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் வெறும் பை என்றே பொருள். 1733இல் இங்கிலாந்தில் அன்றைய பிரதமர் வால்போல் கொண்டுவந்த வரித் திட்டத்தைக் கிண்டல் செய்து 'பட்ஜெட் திறக்கப்பட்டது' என்றொரு துண்டு நூல் வெளியானது. சந்தையில் மூட்டையை அவிழ்த்துச் சகல நோய்க்கும் மருந்து விற்பவனாக அது அவரைக் காட்டியது. கேலியாகச் சொன்ன சொல்லே பிறகு அரசின் கணக்குக்குப் பெயராக நிலைத்துவிட்டது. எங்கள் அம்மிச்சி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கிவிடும். வெற்றிலையும் சில்லறையும் அதில்தான் இருக்கும்; அவர் திறந்தால்தான் காசு.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. 'வரவு செலவுத் திட்டம்' எளிமையானது, யாருக்கும் புரியும், ஆனால் நீளம். தமிழக அரசு ஆளுவது 'நிதிநிலை அறிக்கை'. எனக்கு இதில் மனக்குறை உண்டு. நிலை என்பது இருப்பதைச் சொல்வது; ஒரு கம்பெனி ஆண்டு முடிவில் போடும் கணக்குக்கும் இதுதான் பெயர். வரப்போகும் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் வேலை இந்தச் சொல்லில் தெரியவே இல்லை.

மூன்றாவது 'பாதீடு'. ஈழத் தமிழ் ஏடுகளில் இது சாதாரணமாக வரும். நம் பக்கம் பார்ப்பது அரிது. ஆனால் சொல் பழையது. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறது: கவர்ந்துவந்த ஆநிரையை வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது பாதீடு. பிடித்துவந்த மாட்டைப் பங்கு வைத்த சொல் வரிப்பணத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறதே என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

'பகு' என்ற வேரில் பிறந்த சொல் இது. அதே வேரில்தான் 'பாத்தி'யும் பிறந்தது. கொங்கு நாட்டில் தோட்டம் வைத்திருப்பவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டுகிறவர் மம்பட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததற்குத் திருப்புவார். வாய்க்காலில் வருவது ஒரே அளவுதான். முன்னால் இருக்கும் பாத்தி அதிகம் குடித்தால் கடைசிப் பாத்தி காயும். கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கரையும் ஒரே நேரத்தில் நனைக்க முடியாது என்பதால்தான் இரண்டாகப் பிரித்து, ஒரு பருவத்தில் ஒரு பாதிக்கும் மறு பருவத்தில் மறு பாதிக்கும் நீர் விடுகிறார்கள். அது தண்ணீரின் பாதீடு.

மாநகராட்சியின் கணக்குப் புத்தகத்திலும் பாத்திகள் இருக்கின்றன. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று. சாலையும் தெருவிளக்கும் முதல் பாத்தியில் வளரும். குடிநீர்க் கட்டணம் இரண்டாவதில் பாயும். கோவைக்குச் சிறுவாணி, பில்லூர், ஆழியாறு என்று பல மூலங்கள் உண்டு. சிறுவாணி அணையோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. மழை பொய்த்து அணை இறங்கினால் ஆழ்துளைக் கிணறு, லாரி என்று செலவு கிளம்பும். எந்தக் கணக்குத் தலைப்பில் எடுப்பது என்ற கேள்வியும் கூடவே வரும்.

இங்கே ஓர் அழகான அலுவலகத் தமிழ்ச்சொல்லைக் கவனிக்க வேண்டும்: பின்னேற்பு. தாகம் மன்றக் கூட்டத்துக்காகக் காத்திருக்காது. அதனால் லாரியை முதலில் அனுப்பிவிட்டு, மாமன்றத்தின் ஒப்புதலைப் பிறகு பெறுகிறார்கள். பின்னால் ஏற்பது பின்னேற்பு. பொருளை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சொல் கோப்புகளில் அபூர்வம். 'ஒதுக்கீடு'தான் சற்று ஏமாற்றுகிற சொல். குடிநீருக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்றால் செலவாகிவிட்டது என்று பொருள் இல்லை. தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஓரமாகத் தள்ளி வைப்பதையும் நாம் ஒதுக்குவது என்றுதானே சொல்கிறோம்?

ஆகவே மாநகராட்சிப் பாதீடு, குடிநீர்ப் பாதீடு என்று எழுதலாம் என்பது என் கட்சி. பேச்சில் பட்ஜெட் இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொன்று: 'பட்ஜெட் தாக்கல்' என்பதில் பின்பாதியும் தமிழ் அன்று. 'தாகில்' என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்து தாக்கல் ஆயிற்று. அடிப்பதற்கும் அதற்கும் உறவில்லை. அந்த இடத்தில் 'முன்வைத்தல்' போதும்.