பட்டப்பகலில் ஒரு நெட்டைக் கனவு

‘வகுப்பில் கவனம் இல்லை, பராக்குப் பார்க்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை.’ பள்ளி டைரியில் இப்படி ஒரு குறிப்பு வந்ததும் பிள்ளையை அழைத்துக்கொண்டு என்னிடம் வரும் பெற்றோர் பலர். மருத்துவ உளவியலாளராக என் வேலை, அந்த ஒற்றைக் குறிப்புக்குள் கலந்து கிடக்கும் வெவ்வேறு விஷயங்களைப் பிரித்தெடுப்பதுதான். சில பிள்ளைகளிடம் அது நோய். சிலரிடம் வெளியே சொல்ல முடியாத துக்கம். எப்போதாவது ஒரு பிள்ளையிடம் அது கவிதையாக இருக்கும். நான் பேச வந்தது கவிதையைப் பற்றித்தான். ஆனால் நோயைத் தாண்டிவிட்டு அங்கே போவது சரியில்லை.

‘ஆப்சன்ஸ்’ என்றொரு வலிப்பு வகை உண்டு. கை கால் வெட்டாது, நுரை தள்ளாது, குழந்தை கீழே விழாது. பேசிக்கொண்டே இருக்கும் குழந்தை பாதி வாக்கியத்தில் சட்டென்று நிற்கும். கண் ஒரே இடத்தில் குத்திட்டிருக்கும், இமை லேசாகத் துடிக்கலாம். பத்து விநாடி போல அப்படியே இருந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல விட்ட வேலையைத் தொடரும். பெரும்பாலும் நாலு வயதுக்குமேல், பள்ளிப் பருவத்தில் தொடங்கும். ஒரே நாளில் பல தடவை வரும். பகற்கனவில் இருக்கும் பிள்ளையின் தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும். வலிப்பில் இருக்கும் பிள்ளை தொட்டாலும் திரும்பாது. வீட்டில் கவனிக்க வேண்டிய முதல் வேறுபாடு இது. விளையாட்டிலும் சாப்பாட்டிலும்கூட இப்படி நின்றுபோகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அவர் குழந்தையின் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்லலாம். வேகவேகமாக மூச்சுவிடும்போது இந்த வலிப்பு எட்டிப் பார்க்கும் என்பதால்தான் அந்தச் சோதனை. மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி எடுத்தால் உறுதியாகிவிடும், நல்ல மருந்தும் இருக்கிறது. ‘கனவு காணாதே’ என்று இந்தக் குழந்தைகளைத் தலையில் குட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இனி நிஜமான பகற்கனவு. மனம் அலைவது அப்படியொன்றும் அபூர்வமில்லை. 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர், பெரியவர்கள் 2,250 பேரிடம் ஐபோன் வழியாக நினைத்த நேரத்தில் ‘இப்போது எதை யோசிக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். கேட்ட தருணங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் செய்யும் வேலையில் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதியளவுக்கு நாம் எல்லாருமே பராக்குதான் பார்க்கிறோம். பிள்ளைகளின் டைரியில் மட்டும் அது குற்றமாக ஏறுகிறது. மூளையும் அந்த நேரத்தில் ஓய்ந்து கிடப்பதில்லை. வெளி வேலை இல்லாதபோது சேர்ந்து சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகளைப் பற்றி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரைக்கிள் குழு 2001இல் எழுதியது. பழைய நினைவைக் கிளறுவது, வராத நாளைக் கற்பனை செய்வது, அடுத்தவர் மனதில் என்ன ஓடும் என்று யூகிப்பது எல்லாம் அந்தப் பகுதிகளோடு தொடர்புள்ள காரியங்கள். கவிதை எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே 2010 ஆய்வு, மனம் அலையும் நேரத்தில் ஆட்கள் அவ்வளவு சந்தோஷமாக இல்லை என்றும் சொன்னது. எல்லா அலைச்சலும் ஒன்றல்ல என்பதுதான் இதற்கு விளக்கம். பகற்கனவு ஆய்வுக்கு அடித்தளமிட்ட ஜெரோம் சிங்கர் அதை மூன்றாகப் பிரித்தார்: விளையாட்டும் ஆசையும் திட்டமுமாக ஓடும் ஆரோக்கியமான கனவு, குற்றவுணர்ச்சியும் தோல்வி பயமுமாகச் சுழலும் கனவு, எதிலும் நிலைக்க முடியாமல் சிதறும் கவனம். மூன்றாவது வகைப் பிள்ளைகளிடம் கவனக்குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்போம். துறுதுறுவென்று ஓடாமல் மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளிடம் அதைக் கண்டுபிடிக்காமலே விட்டுவிடுகிறோம் என்பது எங்கள் துறையே ஒப்புக்கொள்ளும் விஷயம். இரண்டாவது வகையில் நான் தேடுவது மனச்சோர்வை.

முதல் வகையை விளக்க எனக்குப் பாடப்புத்தகத்தைவிட பாரதிதான் உதவுகிறார். 1908இலிருந்து பத்தாண்டுகள் புதுச்சேரியில் இருந்த காலத்தில் எழுதிய ‘குயில் பாட்டு’, தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: ‘பட்டப் பகலிலே பாவலர்க்குத் தோன்றுவதாம் நெட்டைக் கனவின் நிகழ்ச்சியிலே’ கண்டதுதான் இந்தக் கதை என்று. மாஞ்சோலை, குயில், அதன்மேல் காதல், பொறாமை, முற்பிறவி வரை போகிறார். கடைசியில் கண் விழித்தால் சுற்றி இருப்பவை என்ன? பண்டைச் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் கூட்டம், பழம்பாய். ‘நாம் வீட்டில் உள்ளோம்’ என்று உணர்ந்ததையும், அத்தனையும் மாலை அழகின் மயக்கத்தில் தோன்றிய கற்பனை என்று கண்டுகொண்டதையும் அவரே எழுதுகிறார்.

ஆலோசனை அறையில் நான் பார்ப்பதும் அதைத்தான். போனவர் பழம்பாய்க்குத் திரும்பி வருகிறாரா? வரும்போது கையில் ஏதாவது இருக்கிறதா?

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், வரிகளை எழுதியவளின் ஒப்புதலோடும் அம்மாவின் ஒப்புதலோடும் தருகிறேன்.

முதலாமவள் ஒன்பதாம் வகுப்பு. கொங்குப் பக்கம் தறி ஓடும் ஊர். அம்மா உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்: “ஏனுங்க மேடம், இவ இங்க இருக்கறதே இல்லீங்க. சோத்தத் தட்டுல போட்டா அதையே பாத்துட்டு உக்காந்துக்கறா. கணக்கு நோட்டுல பாருங்க, பின்னாடி பூரா கிறுக்கி வெச்சுருக்கறா.” நோட்டை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் காரணிப்படுத்துக, பாதியில் நின்ற கணக்குகள். பின்பக்கத்திலிருந்து தலைகீழாகப் பென்சிலில் சின்ன எழுத்தில் வரிகள். அடித்தல், மேலே வேறு சொல், அதையும் அடித்தல். ஓரிடத்தில் மட்டும் அடிக்காமல் விட்டிருந்தாள்:

தறி நின்ன ராத்திரி
வீட்ல யாருக்கும்
தூக்கம் வரல

“இது எப்பக் கண்ணு எழுதுன?” என்று கேட்டேன். சமூக அறிவியல் வகுப்பிலாம். ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு ஜெனரேட்டர் ஓடி நின்றிருக்கிறது. அந்தச் சத்தம் நின்றதும், எப்போதோ கரண்ட் போன ஓர் இரவு ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. அப்பா திண்ணையில் போய் உட்கார்ந்தது, தம்பி எழுந்து “என்ன ஆச்சு?” என்று கேட்டது, சடக் சடக் இல்லாமல் ஆயா புரண்டு புரண்டு படுத்தது. முதலில் ‘கரண்ட் போன ராத்திரி’ என்றுதான் எழுதினாளாம். ஏன் மாற்றினாய் என்றேன். “கரண்ட் போனா எல்லாரு ஊட்லயுந்தான் தூக்கம் வராது மேடம், ஃபேன் ஓடாதுல்ல” என்றாள். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு எனக்குப் பெரிதாகக் கவலை இல்லை. ஆனாலும் பரிசோதனைகளை எல்லாம் செய்தேன். வலிப்பு இல்லை, மனச்சோர்வு இல்லை. கணக்கில் நிஜமாகவே பின்தங்கியிருந்தாள், அதற்குத் தனியாக வழி செய்தோம். கவிதை எழுதுவதால் கணக்கு வரவில்லை என்பது அம்மாவின் கட்சி. ஆறாம் வகுப்பிலிருந்தே அடிப்படை விட்டுப்போயிருந்தது என்பதுதான் உண்மை.

இரண்டாமவர் கல்லூரி மாணவர். அவரும் கவிஞராக வேண்டும் என்றுதான் சொன்னார். சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நடப்பார். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இரவு சாப்பாட்டுக்கு யாராவது வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை நடப்பார். மேடை, மாலை, கைதட்டல், முன்வரிசையில் தன்னை விட்டுப் போன பெண். பல மாதங்களாக அதே காட்சி, சின்னச் சின்னத் திருத்தங்களோடு. எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அரியர் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. “நிறுத்தணும்னு நினைக்கிறேன் மேடம், முடியல” என்றார். ஹைஃபா பல்கலைக்கழகத்தின் எலி சோமர் 2002இல் இதை ஒரு தனிப் பிரச்சினையாக விவரித்தார். மணிக்கணக்கில் நீளும், கதைபோல வளரும், பாட்டும் நடையும் அதற்குத் தூண்டுதலாகும், விட நினைத்தாலும் விடாது. அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இது தனி நோயாக இன்னும் சேரவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு அதனால் கஷ்டம் குறைவதில்லை. இந்த மாணவருக்கு அடியில் இருந்தது பதற்றமும் தனிமையும். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கியது.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் தறியைப் பற்றிக் கனவு கண்டாள். அவர் தன்னைப் பற்றிக் கண்டார். 1907 டிசம்பரில் வியன்னாவில் எழுத்தாளர்களையும் பகற்கனவையும் பற்றிப் பேசிய, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் தொட்டதும் இந்த இடத்தைத்தான். பகற்கனவில் நாயகன் எப்போதும் ‘நான்’. அதை அப்படியே சொன்னால் கேட்பவருக்குச் சலிக்கும். எழுத்தாளர் அந்த ‘நானை’க் கரைத்து உருமாற்றித் தருகிறார் என்றார். ஃபிராய்டிடம் நான் ஏற்காதவை நிறைய, இதை ஏற்கிறேன். பரிசு வாங்குவதாகவே கனவு கண்டுகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கன் பின்னாளில் ஆய்வுகளில் காட்டினார். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னால் ரத்த அழுத்தம்கூடச் சற்று இறங்குகிறது. உடம்பு ‘வேலை முடிந்தது’ என்று தளர்ந்துவிடுகிறது. பிறகு பேனாவை எடுக்கத் தெம்பு எங்கிருந்து வரும்?

அதற்காக ஆசைக் கனவே கவிதைக்கு ஆகாது என்று சொல்ல வரவில்லை. ‘காணி நிலம் வேண்டும்’ முழுக்க ஆசைதான். ஆனால் அதில் கேணி இருக்கிறது, அதன் பக்கத்தில் தென்னை இருக்கிறது, அதுவும் ‘பத்துப் பன்னிரண்டு’. வாடகை வீட்டில் இருக்கும் ஆள் மனைக்கு அளவு போடுகிற மாதிரி. பாட்டின் முடிவில் ஆசை தன்னைவிட்டுக் கிளம்பி வையத்துக்குப் போய்விடுகிறது.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ‘என்னத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்க?’ என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையும் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்லும். சாவகாசமாக இருக்கும்போது ‘அங்க என்ன தெரிஞ்சுது?’ என்று கேட்டால் சில சமயம் பதில் வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், அதைப் பிரித்துப் படிக்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கவிதை வருகிறது என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பில் சேர்த்து, போட்டிக்கு அனுப்பி, வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடும் பெற்றோர் இருக்கிறார்கள். திட்டியவர்களைவிட இவர்களால் எழுதுவதை நிறுத்திய பிள்ளைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எழுதும் பெரியவர்களுக்கு: பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, பேருந்து ஜன்னலோரம் என்று கை வேலை செய்யும்போது வரி வருவதாகப் பலர் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட எளிய வேலையின் நடுவே யோசனை பிறக்கும் என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. பிறகு அதே சோதனையைச் செய்து பார்த்த சிலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடைவெளிகளை எல்லாம் ரீல்ஸ் தின்றுவிட்டால் மனம் அலைய நேரமே கிடைக்காது. அதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

கடைசியாக, மனச்சோர்வோடு வரும் கவிஞர்கள் ஏறக்குறைய எல்லாரும் கேட்கும் கேள்வி: “மாத்திரை சாப்பிட்டா எழுத்து போயிடுமா?” மருந்து எழுதுவது மனநல மருத்துவர், நான் இல்லை. ஆனாலும் நான் பார்த்தவரை, சோர்வின் அடியில் கிடக்கும்போது யாரும் எழுதுவதில்லை. தலைக்குள் ஒரே வாக்கியம் சுற்றிக்கொண்டிருக்கும். எழுந்து உட்காரத் தெம்பு வந்த பிறகுதான் எழுதுகிறார்கள். சிலருக்கு மருந்தால் மனம் மந்தமாக இருப்பதுபோலத் தோன்றுவது உண்மை. அதை மருத்துவரிடமே சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.