கம்பி அசைகிறது, காந்தம் கேட்கிறது

எலெக்ட்ரிக் கிடாரின் எஃகுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, நைலான் கம்பிகளை மாட்டி மீட்டினால் என்ன ஆகும்? கம்பி அதிரும். காதை அருகே கொண்டுபோனால் மெல்லிய ஓசையும் கேட்கும். ஆனால் ஒலியைப் பெருக்கும் ஆம்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே வராது. எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப் காற்றில் வரும் ஒலியைப் பிடிக்கிற மைக் அல்ல. அது கவனிப்பது இரும்பின் அசைவை மட்டும்தான். வீட்டிலேயே கற்றுக்கொள்ள நினைப்பவர் எதற்குக் காசு போட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது இங்கிருந்துதான் பிடிபடுகிறது.

பிக்கப்பின் உள்ளே காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. அந்தச் செம்புக் கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர் அளவுதான், தலைமுடியைப் போன்றது. அதைச் சுமார் 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். காந்தத்துக்கு மேலே நிற்கும் எஃகுக் கம்பியும் சற்றே காந்தமாகிவிடும். அது அதிர்ந்தால் சுருளின் ஊடாகப் போகும் காந்தப் புலம் கூடிக் குறையும். உடனே சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. தடித்த ஈ கம்பி நொடிக்கு 82 முறை அதிர்ந்தால், மின்னழுத்தமும் 82 முறை ஏறி இறங்கும். ஆம்ப் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தருகிறது.

இதை வெற்றிகரமாக வாத்தியமாக்கியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் பூஷாம்ப். மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிடாரின் ஒலி, இசைக்குழுவின் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே அமுங்கிப் போவதுதான் அவருடைய கவலை. குதிரைலாட வடிவக் காந்தங்களை வைத்து அவர் உருவாக்கிய பிக்கப்புடன், 1930-களின் தொடக்கத்தில் அவருடைய கூட்டாளி அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் நிறுவனம் கிடார்களை விற்கத் தொடங்கியது. காப்புரிமை 1937-ல் கிடைத்தது. வாணலிபோல இருந்ததால் அந்தக் கிடாருக்கு ‘ஃபிரையிங் பேன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதன் உடல் வார்ப்பு அலுமினியம். வீணைக்குக் குடம்போல ஒலியைப் பெருக்கித் தர அதில் மரப்பெட்டி எதுவும் கிடையாது. அப்படியும் அது பாடியது! முதல் கிடார் வாங்கப் போகிறவரிடம் ‘இது உயர்ந்த மரம்’ என்று யாராவது விலையேற்றிச் சொன்னால், அந்த அலுமினிய வாணலியை நினைத்துக்கொள்ளலாம்.

விலை குறைந்த கிடாரின் பிக்கப்பும் இதே விதிப்படிதான் வேலை செய்கிறது. தொடங்குபவருக்கு அது போதும். உண்மையில் பார்க்க வேண்டியது விரலும் கம்பியும் சந்திக்கும் இடத்தை. கிடாரின் ஃபிரெட் என்பது வீணையின் மெட்டுப் போன்ற உலோகப் பட்டை. என் முதல் கிடாரில் 12-ஆம் ஃபிரெட்டின் மேல் கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அது அதிகம் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. விரல் நுனிகள் கன்றிப்போய், ஒரே விரலால் பல கம்பிகளை ஒருசேர அழுத்த வேண்டிய எஃப் கார்டு (சுரக்கூட்டு) பிடிக்கவே முடியாமல், நம் கைக்கு இது சரிவராது என்று மூன்று மாதம் உறைக்குள் போட்டு மூடிவிட்டேன். ஒரு நண்பர் வந்து, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் சேடில்களை ஆலன் கீயால் இறக்கி, 2 மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்தார். அரை மணி நேர வேலை. அதே கை அன்று மாலையே எஃப் கார்டை ஒலிக்கவைத்தது. இப்படி எத்தனை பேர் தங்கள் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு விட்டுப்போயிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

கம்பி உயரமாக இருந்தால் விரலுக்கு மட்டுமல்ல, சுருதிக்கும் கேடு. அழுத்தும்போது கம்பி அதிகம் நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறிவிடுகிறது. வீணையில் சுருதி தவறினால் மேளம் கட்டுபவர் மெழுகைப் புதிதாக இட்டு மெட்டுகளைச் சரியான இடத்தில் பதித்துத் தருவார். கிடாரில் ஃபிரெட்டுகள் அசையாது. சேடிலைத்தான் முன்பின் நகர்த்த வேண்டும். கடையிலேயே சோதித்துவிடலாம். 12-ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே விரலால் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். செல்போனில் உள்ள இலவச டியூனர் இரண்டுக்கும் ஒரே சுருதியைக் காட்ட வேண்டும். சற்று விலகினால் சேடில் சரிசெய்துவிடும். ஃபிரெட்டுக்கு ஃபிரெட் விலகினால் அந்தக் கிடார் வேண்டாம். முதல் செட்டில் மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.009 அங்குலமாக இருக்கட்டும், விரலுக்கு இதம்.

அடுத்த தொல்லை இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், சுவருக்குள் ஓடும் ஒயர் என எல்லாமே சுற்றிலும் காந்தப் புலத்தைக் கசியவிடுகின்றன. ஒற்றைச் சுருள் பிக்கப் அதையும் உண்மையாகவே பிடித்து ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கும். கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955-ல் காப்புரிமை கேட்ட ஹம்பக்கர் இதற்கு அழகான விடை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று எதிராக இணைத்தவை. ஒன்றில் காந்தத்தின் வடதுருவம் மேலே, மற்றதில் தென்துருவம். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குத் துருவம் பொருட்டே அல்ல. எனவே இரண்டு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து அழிந்துவிடும். கம்பியின் அதிர்வு துருவத்தைப் பொறுத்தது. சுருளால் ஒருமுறை, காந்தத்தால் ஒருமுறை என இருமுறை தலைகீழாகி நேராகிறது. இரண்டும் கூடி வலுக்கிறது. ஆகவே, சேடில்கள் இருக்கும் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கராவது உள்ள கிடார் நல்ல தேர்வு. யமஹா பசிஃபிகா 012 அப்படிப்பட்டது.

ஆம்ப் 10 வாட் போதும். வாட் பத்து மடங்கானால்தான் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படும். 100 வாட் வீட்டுக்குத் தேவையே இல்லை. கம்ப்யூட்டரில் வாசிப்பதானால், கிடாரை அதனோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். பிக்கப் தரும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதை அதிகம் உறிஞ்சும் சாதாரண லைன் இணைப்பில் செருகினால் ஒலியின் கூர்மை மங்கிவிடும். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ (இன்ஸ்ட்ருமென்ட்) என்று குறித்த உள்ளீட்டின் மின்தடை பெரும்பாலும் 10 லட்சம் ஓம் அளவில் இருக்கும். கிடாருக்கு உரிய இடம் அதுதான்.

இரவில் வாசிக்க ஹெட்ஃபோன் தேவைப்படும். ஒயர் உள்ளதையே வாங்குங்கள். புளூடூத்தில் ஒலி வந்துசேரப் பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். 34 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டபடி வாசிப்பது போல. அவ்வளவு தூரத்திலிருந்து யாராலும் தாளம் பிடிக்க முடியாது.