தடித்த ஸ்பொன்ஞ் போட்டும் இடுப்பு ஏன் நோகிறது?

புதுக்குடியிருப்பில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வருத்தத்தைவிடப் பயணம்தான் கொடுமை என்பார்கள். ஏ9 வீதி காப்பற் போட்டு வழவழவென்று கிடக்கிறது, சரி. ஆனால் வீட்டுப் படலையில் இருந்து ஏ9இல் வந்து ஏறுவதற்குள் கிறவல் ஒழுங்கை, வாய்க்கால் கட்டு, மாரி அரித்துப்போட்ட பள்ளம் என்று எல்லாவற்றையும் தாண்டவேண்டும். அதனால் வன்னியில் வானும் ஓட்டோவும் வைத்திருக்கும் பலர் பின் சீற்றைக் கழற்றிக் குஷன் கடையில் கொடுக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இன்னும் கொஞ்சம் மொத்தமாப் போடுங்கோ அண்ணை." அப்படிப் போட்ட சீற் ஆரம்பத்தில் சுகமாக இருக்கும். சில மாதங்களில் பழைய நோ திரும்பி வந்துவிடும்.

குஷன்காரரில் பிழை இல்லை. கேட்டதைத்தான் அவர் செய்தார். கேட்கவேண்டியது என்ன என்பதற்குக் கொஞ்சம் பௌதிகம் தெரியவேண்டும்.

றோட்டின் குலுக்கல் எங்களிடம் வந்து சேர்வதற்கு முன் மூன்று வில்களைக் கடக்கிறது. ரயருக்குள் இருக்கும் காற்று முதலாவது. சில்லுக்கு மேலே உள்ள பட்டைவில் அல்லது சுருள்வில் இரண்டாவது. சீற் மூன்றாவது. ஒரு வில் எவ்வளவு இதமானது என்று அறிய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பாரம் ஏறியதும் அது எத்தனை சென்ரிமீற்றர் பதிகிறது என்று அளவுங்கள். 5ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், பாரத்தோடு சேர்ந்து அந்த வில் செக்கனுக்கு எத்தனை தடவை தானாக ஆடும் என்பது கிடைக்கும். இதுதான் அதன் இயல்பு மீடிறன். வெறும் வானின் பின்வில் 6 சென்ரிமீற்றர் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு ஏறத்தாழ 2 தடவை ஆடும். ஆட்கள் ஏறி அது 16 சென்ரிமீற்றர் பதிந்தால் 1.25 தடவைதான். ஆள் நிறைந்த வான் மெத்தென்று போவதும், வெறும் வான் தூக்கி அடிப்பதும் இதனால்தான்.

ஒரு வில் எல்லாக் குலுக்கலையும் தடுக்காது. தன் இயல்பு மீடிறனைவிட மெதுவாக வரும் ஆட்டத்தை அப்படியே மேலே அனுப்பிவிடும். அதே மீடிறனில் வரும் ஆட்டத்தைப் பெருப்பிக்கும். பாடசாலையில் பரிவு என்று படித்தோமே, அது. இயல்பு மீடிறனின் 1.4 மடங்கைத் தாண்டி வேகமாக வரும் அதிர்வைத்தான் குறைக்கத் தொடங்கும்.

இனி உடம்புக்கு வருவோம். இருக்கும் நிலையில் மனித உடலும் ஒரு வில் மாதிரித்தான். தசை, முள்ளந்தண்டு, வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் எல்லாம் சேர்ந்து செக்கனுக்கு 5 தடவை அளவில் ஆடும். உடல் அதிர்வு பற்றிய ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேச நியமமும், மேலும் கீழுமான குலுக்கலில் செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரை உள்ளதைத்தான் மனிதருக்கு ஆகக் கூடிய தொல்லை தருவதாகக் கணக்கிடுகிறது. சாதாரண ஸ்பொன்ஞ் சீற்றில் ஒருவர் இருந்தால் அது எங்கே ஆடும்? 3 சென்ரிமீற்றர் பதிந்தால் எங்கள் கணக்குப்படி 3 தடவைக்குக் கிட்ட. ஆனால் வேகமான ஆட்டத்துக்கு ஸ்பொன்ஞ் இன்னும் விறைப்பாக எதிர்ப்புக் காட்டும், அதனால் நடைமுறையில் 4 அளவில் வரும். ஆக, உடம்பு எந்த இடத்தில் பலவீனமோ அதற்குப் பக்கத்திலேயே சீற்றும் குலுக்கலைப் பெருப்பிக்கிறது. 6க்கு மேல்தான் அது உதவத் தொடங்குகிறது.

இதிலிருந்து சீற்றின் வேலை எது, எது இல்லை என்பது விளங்கும். சில்லு துடிப்பது செக்கனுக்கு 10 முதல் 15 தடவை வரை. ஓட்டோவின் இயந்திரம் பின்பக்கத்தில், பயணிகளின் சீற்றை ஒட்டி இருக்கிறது. நின்றபடி ஓடும்போது அது ஏறத்தாழ 20 தடவை அதிர்கிறது. இவற்றை நல்ல சீற் விழுங்கிவிடும். பெரிய பள்ளத்தில் வாகனமே எழுந்து விழும் மெதுவான ஆட்டத்தை எந்தச் சீற்றாலும் மறிக்க முடியாது. அது பட்டைவில்லும் சொக்கப்சோபரும் பார்க்கவேண்டிய வேலை. சொக்கப்சோபர் எண்ணெய் கசிந்து செத்துப்போன வாகனத்துக்குச் சீற் மாற்றுவது வீண்செலவு. ரயருக்கு அளவுக்கு மேல் காற்று அடித்து வைத்திருந்தாலும் அப்படித்தான்.

கிறவல் றோட்டில் குறுக்காக அலை அலையாக எழும்பிக் கிடக்கும் இடங்களில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அலைக்கு அலை 70 சென்ரிமீற்றர் என்றால், மணிக்கு 15 கிலோமீற்றரில் போகும்போது செக்கனுக்கு 6 தடவை குலுக்கும். உடம்புக்கு ஆகக் கெட்ட இடம் அதுதான். 30இல் போனால் 12 தடவை. அதைச் சீற் குறைத்துவிடும். ஓடிப் பழகிய சாரதிகள் அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவது இதற்காகத்தான். ஆனால் அலைகளின் தலையில் தாவிப் போகும் ரயருக்குப் பிடி குறைவு, பிறேக் போட்டால் வழுக்கும். நோயாளியை ஏற்றி வரும்போது மணிக்கு 5 கிலோமீற்றராகக் குறைத்து, செக்கனுக்கு 2 தடவை என்ற அளவில் ஊர்ந்து கடப்பதே நல்லது.

அடுத்தது ஸ்பொன்ஞ். குஷன் கடையில் கிடக்கும் ஒரு வெட்டுத்துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மெல்லிய தண்டுகளால் ஆன சின்னச் சின்னக் கூடுகள் தெரியும். ஒன்றில் இருந்து மற்றதுக்குக் காற்றுப் போகும். மேலே பாரம் வந்தவுடன் தண்டுகள் கொஞ்சம் வளையும். பாரம் கூட, அவை மடங்கிச் சரியத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் கொஞ்சப் பாரத்துக்கே நிறையப் பதிவதால்தான் மெத்தென்ற சுகம் கிடைக்கிறது. மூன்றாவது கட்டத்தில் கூடுகள் முழுக்க நசுங்கி, தண்டு தண்டோடு முட்டும். அதற்குப் பிறகு அது வில்லாக வேலை செய்யாது, பலகைதான். பள்ளத்தில் சில்லு விழும் கணத்தில் உடம்பின் பாரம் வழமையைவிடப் பல மடங்காகச் சீற்றில் இறங்கும். அந்த நேரத்துக்கென்று கொஞ்சத் தடிப்பு மிச்சம் இருக்கவேண்டும். மலிவு ஸ்பொன்ஞ் ஆள் இருந்தவுடனேயே மூன்றாவது கட்டத்துக்குப் போய்விடும். பெருவிரலால் அமத்திப் பார்த்தால் அது தெரியாது, விரலின் கீழ் எந்த ஸ்பொன்ஞும் மெத்துத்தான்.

தராசு பொய் சொல்லாது. ஸ்பொன்ஞ்சின் தரத்தை அதன் அடர்த்தியைக் கொண்டு பெரும்பாலும் மதிப்பிடலாம். 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலத் தடிப்புள்ள ஒரு தகட்டைத் தராசில் வையுங்கள். 3 கிலோ என்றால் அதன் அடர்த்தி கன மீற்றருக்கு 18 கிலோ. தலையணைக்கு ஆகும், வாகனத்துக்கு ஆகாது. 7 கிலோவுக்குக் கிட்ட வந்தால் அடர்த்தி 40 கிலோ. அதில் சீற் செய்யலாம். அடர்த்தி குறைந்ததில் தண்டுகள் மெல்லியவை. வெயிலும் வியர்வையும் குலுக்கலும் சேர்ந்து அவற்றை ஒடிக்க ஒடிக்கச் சீற்றின் உயரம் இறங்கும். ஆரம்பத்தில் சுகமாக இருந்தது பிறகு நோவதற்குக் காரணம் இதுதான்.

என் கணிப்பில், இரண்டு அடுக்காகப் போடுவதுதான் சரி. அடியில் துண்டு ஸ்பொன்ஞ்சை ஒட்டி அழுத்திச் செய்த விறைப்பான தகடு, மேலே அடர்த்தி கூடிய மிருதுவான தகடு. மேல்அடுக்கு உடம்பின் வடிவத்துக்கு இடம் கொடுக்கும், கீழ்அடுக்கு பள்ளத்தின் அடியைத் தாங்கும். ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தும்புத் தகடு கிடைத்தால் அடியில் அதையும் போடலாம். காற்றோட்டமும் நன்றாக இருக்கும்.

காசு செலவில்லாத மாற்றம் ஒன்று, யார் எங்கே இருப்பது என்பது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் இருப்பவருக்குக் குலுக்கல் ஆகக் குறைவு. பின் அச்சுக்கு அப்பால் போகப் போக, வாகனம் தலையை ஆட்டும் ஒவ்வொரு ஆட்டமும் பெரிதாகிறது. பஸ்ஸின் கடைசிச் சீற்றில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வானில் வயது போனவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிக் கடைசிச் சீற்றில் இருத்தாதீர்கள். ஓட்டோவில் இந்தத் தெரிவு இல்லை. பயணிகள் பின் சில்லுகளுக்குக் கிட்டத்தான் இருக்கவேண்டும். அதோடு அதன் மூன்று சில்லும் மூன்று தடத்தில் ஓடுகின்றன. முன் சில்லைப் பள்ளத்தில் இருந்து விலத்தினால் பின் சில்லு ஒன்று போய் விழும். அதனால் நல்ல சீற் அதிகம் தேவைப்படுவது ஓட்டோவுக்குத்தான்.

வடிவம் ஸ்பொன்ஞ்சுக்குக் குறைந்த விஷயம் இல்லை. சுவீடன் நாட்டு முள்ளந்தண்டு வைத்தியர் அல்ஃப் நாக்கெம்சன் 1960களில், உயிரோடு இருக்கும் மனிதரின் முள்ளந்தண்டு இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அங்குள்ள அமுக்கத்தை அளந்தார். நிற்பதைவிட இருக்கும்போது அமுக்கம் கூட என்றார். ஜேர்மனியைச் சேர்ந்த வில்கே குழுவினர் 1999இல் வெளியிட்ட அளவீடு, இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றது. ஆனால் முன்னுக்குக் குனிந்தால் அமுக்கம் ஏறும், சாய்ந்தால் இறங்கும் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். ஓட்டோவின் சாய்மனை பெரும்பாலும் நேர்குத்தாகவும் கட்டையாகவும் இருக்கிறது. அதற்கும் சீற்றுக்கும் இடையிலான கோணம் 100 முதல் 110 பாகை வரை வரும்படி சாய்த்து, இடுப்பு வளைவுக்கு நேரே 2, 3 சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு திண்டு வைத்துத் தைத்தால் நீண்ட பயணத்தில் பெரிய மாற்றம் தெரியும்.

சீற்றின் ஆழத்தையும் பாருங்கள். முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீற்றின் விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் போகவேண்டும். ஆழம் கூடிப்போனால் உயரம் குறைந்த அம்மாமார் முன்னுக்கு நகர்ந்து, முதுகு கூனி, சாய்மனையைத் தொடாமலே இருப்பார்கள். கால் நிலத்தில் எட்டாவிட்டால் தொடையின் அடியில் அமுக்கம் விழுந்து கால் விறைக்கும். சின்னப் பலகை ஒன்றைக் காலுக்குக் கீழே வைத்தாலே போதும்.

எங்கள் மண்ணில் இதைப் பற்றி எழுதும்போது, யுத்தத்தில் உடல் பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வாழ்பவர்களுக்குச் சீற் என்பது சுகம் சார்ந்த விஷயம் மட்டும் அல்ல, உயிர் சார்ந்தது. இருக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில் இறங்கும். அங்கே தோல் நசுங்க, மயிர்த்துளைக்குழாய்களில் இரத்தம் நின்றுபோகும். உணர்வுள்ளவருக்கு நோகும், அசைவார். உணர்வில்லாதவருக்கு நோகாது, புண் வந்த பிறகுதான் தெரியும். அவரைக் கொண்டுபோகும் வாகனத்தில் சீற்றின் அடிப்பலகை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும். அவருடைய சக்கரநாற்காலி மெத்தையையே அதன்மேல் வைக்கவேண்டும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை அன்பாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அது வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிவர அமத்தி, நடுவில் உள்ள தோலுக்கு இரத்தம் போவதை மறிக்கும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை உடம்பைத் தூக்கி விடவேண்டும் என்பதால், பிடித்து எழும்ப உறுதியான கைபிடி ஒன்று தேவை. ஏ9இல் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் போகும் வாகனம் அநேகமாக அங்கே நிற்கும். அதுவரை காத்திருக்காமல் இடையிலும் நிறுத்துங்கள்.

முழங்காலுக்கு மேலே பொய்க்கால் போட்டவருக்குச் சிக்கல் வேறு. தொடைக்கும் சீற்றுக்கும் இடையில் பொய்க்காலின் விளிம்பு வருவதால் அந்தப் பக்கம் உயர்ந்து இடுப்பு சரியும். ஒரே ஆள் வழமையாகப் போகும் வாகனம் என்றால், அந்தப் பக்கத்து ஸ்பொன்ஞ்சைக் கொஞ்சம் செதுக்கிக் கொடுக்கச் சொல்லலாம். அரை மணித்தியால வேலை.

மேலுறை பற்றிச் சுருக்கமாக. றெக்சின் கழுவ வசதி, ஆனால் காற்றுப் போகாது. சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த கறுப்பு றெக்சினில் கை வைக்க முடியாது. இருக்கும் பகுதிக்குத் துணி அல்லது துளையிட்ட றெக்சின், மங்கலான நிறம், இது போதும். இழுத்து இறுக்கித் தைத்தால் உள்ளே எவ்வளவு நல்ல ஸ்பொன்ஞ் இருந்தாலும் உடம்பு அதில் பதியாது.

சீற்றை உயர்த்துவதற்கு முன் தலையைப் பாருங்கள். 4 அங்குலம் உயர்த்தினால் தலைத்தாங்கி தலைக்கு 4 அங்குலம் தாழ்ந்துபோகும். பின்னால் வந்து ஒரு வாகனம் இடித்தால் தலை அதற்கு மேலால் பின்னுக்கு மடியும். சீற் பட்டி உள்ள வாகனத்தில் சீற்றின் முன்விளிம்பு அளவுக்கு மிஞ்சி மெத்தாக இருந்தால், திடீர் பிறேக்கில் இடுப்பு பட்டிக்குக் கீழால் வழுக்கிப்போய்ப் பட்டி வயிற்றில் ஏறும். முன்விளிம்பில் விறைப்பான ஸ்பொன்ஞ் போடச் சொல்வது அதற்காகத்தான். ஆணிகளையும் அடிச்சட்டத்தையும் கம்பனி வைத்த இடத்திலேயே விடுங்கள். சட்டத்தை வெட்டி ஒட்டி, சீற்றைப் பின்னுக்குத் தள்ளி இடம் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.