குவியம்: அடுப்படியில் பிறந்த சொல்

திருவிழா மைதானத்தில் மூங்கிலில் கட்டித் தொங்கவிடும் பெரிய விளக்கை நம் பந்தல்காரர்கள் ‘போகஸ் லைட்டு’ என்பார்கள். அது வெளிச்சத்தைக் குவிப்பதே இல்லை, ஊர் முழுக்க வாரி இறைக்கிறது.

‘ஃபோகஸ்’ என்றால் இலத்தீனில் அடுப்பு. பிரெஞ்சு, இத்தாலி மொழிகளில் நெருப்பைக் குறிக்கும் சொற்கள் இதன் வழி வந்தவைதான். 1604-இல் வானியலாளர் ஜொகன்னஸ் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் நீள்வட்டம், பரவளையம் போன்றவற்றின் சிறப்புப் புள்ளிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். வளைந்த ஆடியில் பட்ட வெயில் அங்கே கூடித் தீப்பிடிக்க வைக்கும் என்பதால் பொருத்தமான பெயர்தான்.

தமிழில் குவியம். பூ குவியும், கும்பிடும் கை குவியும், விசிலடிக்கும் உதடு குவியும். நெருப்பு வாடை இல்லாவிட்டாலும் செயல் கண்முன் நிற்கிறது. ஒரே ஒரு மனக்குறை: பாடநூலின் ‘குவி ஆடி’ ஒளியை விரிக்கிறது, குவிப்பது ‘குழி ஆடி’. எத்தனை மாணவர்கள் இதில் மதிப்பெண் இழந்திருப்பார்களோ!

அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் பெற முயலும் அணுக்கரு இணைவு ஆய்வில் இந்தச் சொல் மறுபடி அடுப்புக்கே திரும்புகிறது. டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் கனமான ஹைட்ரஜன் வகைகள் கலந்த எரிபொருளை முதலில் நசுக்கி, பிறகு ஓர் ஓரத்தில் மட்டும் புரோட்டான் கற்றையால் பற்றவைப்பது 2001-இல் முன்வைக்கப்பட்ட வழி. அந்தக் கற்றை பிறப்பது இப்படி: மெல்லிய உலோகத் தகட்டில் லேசர் துடிப்பு பாயும்போது எலக்ட்ரான்கள் பின்பக்கமாகப் பீறிடும். அவை உண்டாக்கும் மின்புலம் புரோட்டான்களை இழுத்துக்கொண்டு ஓடும். அந்தப் புரோட்டான்கள் பெரும்பாலும் தகட்டில் படிந்த ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றிலுள்ள ஹைட்ரஜன்தான். அழுக்கிலிருந்து வரும் கற்றை!

இந்தப் புரோட்டான்கள் தகட்டின் பரப்புக்குச் செங்குத்தாகக் கிளம்பும். தகட்டை அரைக்கோளமாக வளைத்தால் உள்பக்கம் ஓரிடத்தில் கூடும். 2003-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் இப்படிக் குவித்த கற்றை, ஓர் அலுமினியத் தகட்டை 2 லட்சம் டிகிரிக்கு மேல் சூடாக்கியது. பற்றவைக்க அது போதாது, கோடிக்கணக்கில் வேண்டும். இன்னொரு சிக்கல்: கூடவே வரும் சூடான எலக்ட்ரான்கள் தள்ளுவதால் புரோட்டான்கள் நேர்கோட்டில் போகாமல் வளைகின்றன. குவியம் கோளத்தின் மையத்தில் அமைவதில்லை. முன்னால் ஒரு கூம்பைப் பொருத்தினால் அதன் சுவரில் எழும் மின்புலம் கற்றையை இறுக்கும் என்று 2012-இல் காட்டினார்கள்.

எனவே, கற்றை கூடும் புள்ளி குவியம், கூட்டும் வேலை குவிப்பு. சிலர் எழுதும் ‘புரோட்டான் குவியல்’ வேண்டாம். அது களத்துமேட்டு நெல்லுக்கு உரிய சொல்.