இன்ட்ராதீக்கல்: தண்டுவட உறைக்குள்

மதுரைப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் முதுகில் போடும் எல்லா ஊசிக்கும் பெரும்பாலும் ஒரே பேர்தான்: 'தண்டுவடத்துல ஊசி'. சிசேரியனுக்கு மரத்துப்போகப் போடுவது, மூளைக்காய்ச்சலுக்கு நீர் எடுப்பது, டை (எக்ஸ்ரே, ஸ்கேன் படத்தில் உள்ளிடம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) ஏற்றிப் படம் பிடிப்பது எல்லாம் அதில் அடங்கும். 'இன்ட்ராதீக்கல்' என்ற சொல்லோ மருந்து போய்ச் சேரும் இடத்தைத் துல்லியமாகச் சொல்கிறது.

'தீக்கே' என்றால் கிரேக்கத்தில் பெட்டி, உறை. நூலகத்தைக் குறிக்கும் 'பிப்லியோதீக்கா'விலும் அதே வேர்தான். 'இன்ட்ரா' லத்தீன், உள்ளே என்று பொருள். தண்டுவடத்தை மூடியிருக்கும் சவ்வுப் பைதான் இங்கே உறை. உறைக்கு வெளியே போடுவது 'எபிடியூரல்'.

ரத்தத்தில் கலந்த பல பொருள்களை மூளைக்குள் விடாத தடுப்பு ஒன்று நம் உடலில் உண்டு. உறைக்குள் போட்ட மருந்துக்கு அந்தத் தடுப்பு கிடையாது, தண்டுவட நீரில் கலந்து நரம்பை நேரே தொடும். ரத்தக்குழாய்க்கான, அயனியாக (மின்னூட்டமுள்ள துகள்களாக) நீரில் பிரியும் அயோடின் டை தவறி அங்கே போனால் கால்தசை துடிக்க ஆரம்பிக்கும். துடிப்பு மேலேறி வலிப்பாகும், இறந்தவர்களும் உண்டு. இதுதான் 'நியூரோடாக்சிசிட்டி', தமிழில் நரம்பு நச்சுத்தன்மை.

உறைக்குள் போடும் டையாக 1920களில் சிக்கார், ஃபோரெஸ்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இருவரும் கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த லிப்பியோடாலைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் வந்த பான்டோபேக்கும் எண்ணெய்தான். உள்ளே தங்கிவிட்டால் சவ்வு அழன்று நரம்புவேர்கள் ஒட்டிக்கொள்ளும். 1970களின் மெட்ரிசமைடு நீரில் கரைந்தது, அயனியாகப் பிரியவில்லை. ஆனாலும் சிலருக்குக் குழப்பமும் வலிப்பும் வந்தன. இன்றைய அயோஹெக்சால் எவ்வளவோ மேல். அதிலும் 180, 240, 300 செறிவுகள்தான் (ஒரு மில்லியில் இத்தனை மில்லிகிராம் அயோடின் என்ற கணக்கு) உறைக்குள் போட ஏற்றவை. 140, 350 கூடாது. பேர் ஒன்று, எண் வேறு! எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கடோலினியமும் உறைக்குள் ஆபத்தானதே.

தமிழில் 'உறையுள்' என்று எழுதத் தோன்றும். வேண்டாம், 'உணவு, உடை, உறையுள்' என்று அது வீட்டுக்குப் போய்விடும். 'தண்டுவட உறைக்குள்' என்று நீட்டியே எழுதலாம். எபிடியூரலுக்கு 'உறைக்கு வெளியே' போதும். ஒப்புதல் படிவத்தில் இப்படி இருந்தால் உசிலம்பட்டியிலிருந்து வருகிறவருக்கும் புரியும்.

உறைக்குள் டை போட்ட பிறகு தலையைச் சற்று உயர்த்திப் படுக்கச் சொல்வார்கள், டை மூளைப்பக்கம் ஏறாதிருக்க. தலைவலி, வாந்தி பலருக்கு வந்து போகும். கால் துடிப்பு, பேச்சுக் குழறல், குழப்பம், வலிப்பு என்றால் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள்.