எண்ட் மில்: அரவையா, துருவலா?

எண்ட் மில் என்பது மில்லிங் மெஷினில் பிடித்துச் சுழற்றும் உருளைக் கட்டர். பக்கத்தில் மட்டுமின்றி முனையிலும் பல் உண்டு, அதனால்தான் ‘எண்ட்’. ‘மில்’ என்பதன் வேர் இலத்தீனின் ‘மோலெரே’, அதாவது அரைத்தல். மாவு மில்லும் அந்த வேரில் வந்ததே. அகராதியைப் பார்த்து ‘அரவை’ என்று பெயர்த்துவிடத் தோன்றும். ஆனால் இந்தக் கட்டர் எதையும் அரைப்பதில்லை. ஒவ்வொரு பல்லும் உலோகத்தை மெல்லிய சீவலாகச் சீவி எடுக்கிறது.

இதற்குத் தமிழில் கச்சிதமான வினை துருவு. தேங்காய் துருவும்போது பல் அசையாமல் நிற்கும், மூடியைச் சுழற்றுவோம். இங்கே பல் சுழல்கிறது, ஜாப் (வெட்டப்படும் உலோகத் துண்டு) நகர்கிறது. மில்லிங் துருவல் என்றால், எண்ட் மில் முனைத் துருவி.

சிறிய மேசை மெஷினில் கட்டர் மழுங்குவதே பெரும்பாலும் துருவ வேண்டியதை அரைப்பதால்தான். பயந்து ஃபீடை, அதாவது ஜாப் நகரும் வேகத்தை, குறைத்தால் பல் உள்ளே இறங்காமல் உரசும்; சூடேறி விளிம்பு போய்விடும். கீழே விழுவதைக் கவனியுங்கள். நகத்துண்டு போல வளைந்த சீவல் விழுந்தால் துருவுகிறது. வெறும் பொடி என்றால் அரைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: 6 மி.மீ. விட்டம், நான்கு பல், ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டர், மைல்ட் ஸ்டீல் ஜாப். வெட்டு வேகம், அதாவது பல்லின் விளிம்பு ஓடும் வேகம், நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று கொண்டால், அதைக் கட்டரின் சுற்றளவால் வகுக்க வேண்டும். 25,000 ÷ (3.14 × 6): நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று. பல்லுக்கு 0.02 மி.மீ. வீதம் ஃபீடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 மி.மீ. கார்பைடு (ஹெச்.எஸ்.எஸ்.ஸைவிடக் கடினமான கட்டர் பொருள்) இதைவிட வேகம் கேட்கும். மெஷின் அதிர்ந்தால் அதன் விளிம்பு தெறிக்கும். பழகும் கைக்கு ஹெச்.எஸ்.எஸ். போதும்.

அலுமினியத்துக்கு இரண்டு பல் கட்டர்தான். நான்கு பல்லில் இடைக்காடி, அதாவது பல்லுக்குப் பல் உள்ள பள்ளம், குறுகல். சீவல் அடைத்து ஒட்டிக்கொள்ள, கட்டர் ஒடியும். சில சொட்டு மண்ணெண்ணெய் ஒட்டாமல் காக்கும்.

‘எண்ட்’ என்ற பெயரை நம்பி எல்லாவற்றையும் நேராகக் கீழே இறக்கவும் கூடாது. முனையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பல்லாவது மையத்தைத் தொட்டால் இறக்கலாம். நடுவில் குழி இருந்தால் பக்கத்திலிருந்துதான் நுழைக்க வேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் நேராக இறங்கும் இரண்டு பல் கட்டருக்கு ‘ஸ்லாட் டிரில்’ என்று தனிப் பெயரே உண்டு; தமிழில் காடித் துருவி எனலாம்.

எதுவானாலும் கோலெட்டில், அதாவது கட்டரின் தண்டைச் சுற்றிலும் இறுக்கும் பிளவுபட்ட குழலில், பிடியுங்கள். துளையிடும் டிரில்லைப் பிடிக்கும் டிரில் சக் பக்க விசையைத் தாங்காது. பிடி தளர்ந்து கட்டர் கீழிறங்கி ஜாப்பைத் தோண்டிவிடும்.