நல்லா எரிஞ்சா புகை வராதுங்க

புகையிலும் சூட்டிலும் கறியை மெதுவாக வேகவைக்கும் புது அடுப்பை, அதாவது பெல்லட் ஸ்மோக்கரை, பொடக்காலியில் இறக்கி வைத்தபோது, பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இயந்திரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. கூட வந்த மூட்டையில் ஒரு கை அள்ளிப் பார்த்து, "ஏனுங் தம்பி, இது மாட்டுத் தீவனமுங்களா?" என்றார். பார்வைக்கு அச்சு அசல் தீவனக் குச்சிதான். ஆனால் பெல்லட் என்கிற இந்தக் குச்சி அத்தனையும் மரத்தூள். தூளைப் பெரும் அழுத்தத்தில் சிறு துளைகள் வழியே தள்ளும்போது சூடேறி, மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகுகிறது. ஆறியதும் அதுவே இறுகித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. தனியாகப் பசை தேவையில்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் அமெரிக்காவில் வீடுகளைச் சூடேற்றப் பரவிய எரிபொருள் இது. இதை வைத்துச் சமைக்கும் அடுப்புக்கு ஆரிகன் மாநிலத்து ஜோ டிரேகர் 1986-இல் காப்புரிமை வாங்கினார்.

ஓரத்தில் குச்சி கொட்டும் தொட்டி. அதனடியில் மோட்டார் சுழற்றும் திருகுத்தண்டு குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலுள்ள தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். கிண்ணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மின்கம்பி பழுக்கக் காய்ந்து முதல் சில நிமிடம் பற்றவைப்பதோடு சரி. அப்புறம் விசிறிக் காற்றுதான் தீயை வளர்க்கும். தீக்கு மேலே ஒரு தகடு இருப்பதால் நேர்த்தணல் கறியில் படாது, கொழுப்பும் தீயில் சொட்டாது. இதை கிரில் என்றும் சொல்வார்கள் என்றாலும் வேலை என்னவோ விறகில் ஓடும் ஓவன் வேலைதான்.

உள்ளே இருக்கும் வெப்ப உணரி சூடு குறைந்ததாகச் சொன்னால் தண்டு கூடுதல் நேரம் சுழலும், ஏறியதாகச் சொன்னால் ஓய்வெடுக்கும். இப்போது விழுந்த குச்சி பற்றிச் சூடு கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால், 107 டிகிரி செல்சியஸ் என்று வைத்தாலும் திரையில் எண் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் இன்னும் ஆடும்.

புகைக்கு வருவோம். புகை என்பது எரிந்து முடியாத மரம். சூட்டில் லிக்னின் உடைந்து குவாயகால், சிரிங்கால் முதலிய சேர்மங்கள் ஆவியாகின்றன. புகையின் ருசிக்கு முன்னதும் வாசத்துக்குப் பின்னதும் முக்கியக் காரணம். போதுமான காற்றும் சூடும் கிடைத்தால் இவையும் எரிந்து கரியமில வாயுவும் நீராவியுமாகப் போய்விடும். காய்ந்த குச்சியை அளந்து போட்டு, விசிறியும் வைத்து எரிக்கும் இந்த அடுப்பு அந்தக் காரியத்தில் கெட்டி. அதனால் 200 டிகிரியில் புகை என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. 107-ஐ ஒட்டி வைத்தால்தான் தண்டு விட்டுவிட்டு ஓடி, தீ மட்டுப்பட்டு, புதுக் குச்சிகள் கனன்று புகையும். அப்போதும் மெல்லிய நீலப் புகைதான் நல்லது. அடர்ந்த வெள்ளைப் புகை கறியைக் கசக்க வைக்கும்.

வேலிக்காத்தான் கட்டை வைத்து ஆக்கிய குழம்பின் மணத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு இந்த மிதமே பிடித்திருக்கிறது. பள்ளிபாளையம் பக்குவத்தில் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டால், கனத்த புகை மிளகாய் வாசத்தை அமுக்கிவிடும்.

ஆட்டுத் தோள்கறியைப் பெரிய துண்டாக வைத்தால் உள்சூடு 70 டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் நகராமல் நிற்கலாம். அடுப்பு கெட்டுவிடவில்லை. மேற்பரப்பில் ஆவியாகும் நீர், வருகிற சூட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறது. வாழையிலையில் இறுக்கிச் சுற்றினால் ஆவியாவது குறைந்து சூடு மறுபடி ஏறும்.

கரண்ட் போனால் விசிறியும் தண்டும் நின்றுவிடும். கனல் தண்டு வழியே தொட்டிப் பக்கம் பின்னேறக்கூடும். பற்றவைக்கும்போது சுமார் 300 வாட் இழுத்தாலும் பிறகு 50 வாட் அளவில் ஓடுவதால் இன்வெர்ட்டர் தாங்கும். அணைக்கும்போதும் பிளக்கைப் பிடுங்காமல், மிச்சக் குச்சி எரிந்து தீரும்வரை விசிறியை ஓடவிட வேண்டும். மழை ஈரம் பட்ட குச்சி உப்பித் தூளாகித் தண்டில் அடைத்துக்கொள்ளும். விலை குறைவென்று சாயப்பட்டறை பாய்லருக்கு விற்கிற பெல்லட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் பெயின்ட் அடித்த பலகையின் தூளோ பிளைவுட் பசையோ கலந்திருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை.

கோழித்தோல் 107-இல் மொறுமொறுப்பாகாது, கடைசியில் 200-க்கு ஏற்ற வேண்டும். வெட்டினால் தோலுக்கடியில் ரோஸ் நிறப் பட்டை தெரியும். "வேகலையாட்ட இருக்குதுங்" என்று யாராவது சொல்லுவார்கள். தீயில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், வெந்த பிறகும் அந்த நிறம் போகாது. எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி இருந்தால் கோழி வெந்தாயிற்று. நாட்டுக்கோழித் தொடையை மட்டும் அத்தோடு எடுத்துவிடாதீர்கள். 85 தாண்டி இன்னும் கொஞ்ச நேரம் கிடந்து, இணைப்புத் திசுவின் கொலாஜன் ஜெலட்டினாக இளகினால்தான் பல்லுக்கு அடங்கும்.